எம். பக்தவத்சலம்: வாழ்வும் ஆட்சியும்

தொண்டைநாடு ஈன்ற முதலமைச்சர்கள் இருவர் ஒருவரை அடுத்து ஒருவராகக் கோட்டையில் அமர்ந்தனர். பின்னால் வந்தவர் பேரறிஞர் அண்ணா. அவர் வாழ்ந்த இல்லம் சின்ன காஞ்சிபுரத்தில் நினைவில்லமாக விளங்குகின்றது. அவரைப் பாடாத கவியரங்கமும் அவரைப் பேசாத பட்டிமன்றமும் நம் ஊரில் இல்லை. முன்னால் இருந்து, 1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆட்சியை அவரிடம் இழந்தவர் மீஞ்சூர் கனகசபாபதி பக்தவத்சலம். காஞ்சியை அடுத்த திருப்பெரும்புதூர்த் தொகுதியின் உறுப்பினராக இருந்த அப்பெருமகனைப் பற்றி நாம் பேசுவதேயில்லை. பேசினாலும் இந்தித் திணிப்பு, அரிசித் தட்டுப்பாடு என்னும் இரண்டு சொற்களோடு அவர் கதையை முடித்துவிடுகின்றோம். அவ்விரண்டும் பொய்யல்ல. ஆயினும் நெடிய பொதுவாழ்வை இரண்டு சொற்களில் அடக்குவது வரலாறு ஆகாது. அவரை வெள்ளையடித்துக் காட்டுவது என் நோக்கமன்று. ஒரு திறமையாளர் எங்கே தவறினார், ஏன் தவறினார் என்று காண்பதே நோக்கம்.

பக்தவத்சலம் 1897-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 9-ஆம் நாள், பூவிருந்தவல்லிக்கு அண்மையிலுள்ள நசரத்பேட்டையில் பிறந்தார். திருநின்றவூர்ப் பெருமாளின் திருப்பெயர் பக்தவத்சலர். திருக்கழுக்குன்றத்து இறைவன் பெயரும் அதுவே. சைவமும் வைணவமும் பொதுவில் வழங்கும் அப்பெயர் தொண்டைநாட்டுக் குடும்பங்களில் அக்காலத்தில் பெருவழக்கு. ஐந்து வயதில் தந்தையை இழந்த பிள்ளையைத் தாய்மாமன்மார் முத்துரங்க முதலியாரும் ஏவலப்ப முதலியாரும் எடுத்து வளர்த்தனர். அவர் வாழ்வின் திசையை முடிவு செய்தது இந்த மாமன் வீடுதான்.

சி.என். முத்துரங்க முதலியாரை இன்று சென்னை தியாகராயநகர்க் கடைத்தெருவின் பெயராக மட்டும் சிலர் அறிவர். அவர் செங்கற்பட்டு மாவட்டக் காங்கிரசின் தூண். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவராக இருந்தவர். டில்லி மத்திய சட்டசபையிலும் உறுப்பினராக அமர்ந்தவர். தேசியம் என்பது அவ்வீட்டில் மேடையில் மட்டும் பேசப்படும் கொள்கையாக இருந்திராது. உணவோடு பரிமாறப்பட்ட பழக்கமாகவே இருந்திருக்கும். அரசியல் குடும்பத்தில் வளர்வோர்க்கு ஒரு பேறும் ஒரு குறையும் உண்டு. வழி முன்னரே வகுக்கப்பட்டிருப்பது பேறு. அவ்வழிக்கு வெளியே ஒலிக்கும் குரல்கள் காதில் விழாமல் போவது குறை. பக்தவத்சலத்தின் வாழ்வில் இரண்டையும் காண்கின்றோம்.

சென்னைச் சட்டக் கல்லூரியில் பயின்று 1923-இல் உயர்நீதிமன்ற வழக்கறிஞரானார். அதற்கு முந்திய ஆண்டிலேயே காங்கிரசில் சேர்ந்திருந்தார். இந்தியா என்னும் நாளேட்டை 1933 வரை நடத்தினார். பாரதியார் ஆசிரியராக இருந்த இந்தியாவும் இதுவும் பெயரளவில்தான் ஒன்று. 1930-இல் வேதாரணிய உப்புச் சத்தியாக்கிரகத்தில் பங்குகொண்டு காயமுற்றார். 1932-இல் விடுதலை நாள் கொண்டாட்டத்தை முன்னின்று நடத்தியமைக்காகச் சிறைப்பட்டார். பின்னர்ச் சென்னை நகராண்மையில் உறுப்பினராகித் துணை மேயருமானார். 1942-இல் மீண்டும் சிறை. இம்முறை அமராவதிக்குக் கொண்டு செல்லப்பட்டு 1944-இல் விடுதலையானார். பின்னாளில் அவர்மீது எத்தனை குறை சொன்னாலும், பதவிக்காகக் கதர் உடுத்தவர் என்று எவரும் சொல்ல இயலாது.

1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் திருவள்ளூரிலிருந்து சட்டமன்றம் புகுந்தார். இராஜாஜி அமைச்சரவையில் தலசுயாட்சித் துறையின் பார்லிமெண்டரி காரியதரிசி ஆனார். அந்த அமைச்சரவைதான் 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. அவ்வாண்டு பிப்ரவரித் திங்களில் இந்தி எதிர்ப்பு மாநாடு கூடியது நம் காஞ்சிபுரத்தில்தான். தாளமுத்துவும் நடராசனும் 1939-இல் உயிர்நீத்தனர். 1940 பிப்ரவரியில் கட்டாய இந்தி கைவிடப்பட்டது. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் நிகழவிருந்ததற்கு இது ஒரு முன்னோட்டம் என்று அன்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

ஈண்டு ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். காந்தியடிகளின் முயற்சியால் 1918-இல் சென்னையில் இந்திப் பிரசாரப் பணி தொடங்கிய நாள் முதல், காங்கிரஸ் குடும்பங்களில் இந்தி கற்பது இராட்டை சுழற்றுவதைப் போன்றதொரு தேசத்தொண்டாகக் கருதப்பட்டது. அம்மொழியைக் கற்றவர் எவரும் தமிழைக் கைவிடுவதாக எண்ணவில்லை. மாமன் வீட்டில் வளர்ந்த பக்தவத்சலத்துக்கும் இந்தி அந்நியர் ஆட்சிக்கு எதிரான கருவியாகவே பட்டிருக்க வேண்டும். அதே மொழி இன்னொரு தமிழனுக்கு ஆதிக்கத்தின் கருவியாகத் தோன்றக்கூடும் என்பதை அவரால் இறுதிவரை உணர முடியவில்லை என்றே கருதுகின்றேன்.

விடுதலைக்குப் பின் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அமைச்சரவையில் பொதுப்பணித் துறை அவரிடம் இருந்தது. கோப்புகளை ஊன்றிப் படிப்பவர், சட்ட நுணுக்கம் அறிந்தவர், அதிகாரிகள் சொல்வதை அப்படியே ஏற்காதவர் என்னும் பெயர் அவருக்கு வளர்ந்தது. 1952 தேர்தலில் காங்கிரஸ் அமைச்சர்கள் பலர் தோற்றபோது அவரும் தோற்றார். 1954-இல் இராஜாஜி பதவி விலகினார்; சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவிக்குக் காமராசரை எதிர்த்துச் சி. சுப்பிரமணியம் போட்டியிட்டார். பக்தவத்சலம் சுப்பிரமணியத்தின் பக்கம் நின்றார். வென்ற காமராசர் அவ்விருவரையுமே தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். காமராசரின் பெருந்தன்மைக்குச் சான்றாக இதைச் சொல்வது வழக்கம். எதிரணியில் நின்றவரையும் விட்டுவிட முடியாத அளவுக்கு நிருவாகத் திறன் அவர்களிடம் இருந்தது என்பதற்கும் இதுவே சான்று.

1957-இல் திருப்பெரும்புதூர் பக்தவத்சலத்தையும் காஞ்சிபுரம் அண்ணாவையும் சட்டமன்றத்துக்கு அனுப்பின. அடுத்தடுத்த இரு ஊர்கள். பேருந்தில் ஒரு மணி நேரப் பயணம். அனுப்பிய மனிதர்களோ இரு வேறு உலகத்தினர். அறுபதை நெருங்கிய உள்துறை அமைச்சர் ஒருபுறம். நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, எழுத்தாலும் பேச்சாலும் ஒரு தலைமுறையையே ஈர்த்துவிட்ட நாற்பத்தேழு வயதுக்காரர் மறுபுறம். ஒருவர் பேச்சுக்குச் சட்டப் பிரிவும் புள்ளிவிவரமும் துணை. மற்றவர் பேச்சுக்குத் தமிழே துணை. 1962-இல் பக்தவத்சலம் மீண்டும் வென்றார். அண்ணா காஞ்சிபுரத்தில் தோற்று மாநிலங்களவைக்குச் சென்றார். மக்கள் தம் பக்கமே இருக்கின்றனர் என்று ஆளுங்கட்சியினர் எண்ணியதற்கு அத்தோல்வியும் ஒரு காரணமாயிற்று.

காமராசர் தம் பெயரால் வழங்கிய திட்டத்தின்படி பதவி துறக்க, 1963 அக்டோபர் 2 அன்று பக்தவத்சலம் முதலமைச்சரானார். அறுபத்தாறு வயது நிறைய அவருக்கு ஒரு வாரமே இருந்தது. காமராசரைப் போல ஊர் ஊராகச் சென்று மக்களோடு நின்று பேசும் இயல்பு அவரிடம் இல்லை. அவர் கோட்டையின் மனிதர். காலமும் அவருக்கு இரக்கம் காட்டவில்லை. 1964 டிசம்பரில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. கடல்கொண்ட ஊரின் துயர் ஆறுமுன்னரே 1965 சனவரி பிறந்துவிட்டது.

இந்திய அரசியலமைப்பு, ஆங்கிலம் ஆட்சிமொழியாகத் தொடர்வதற்கு வகுத்த பதினைந்தாண்டுக் காலம் 1965 சனவரி 26-இல் முடிவடைய இருந்தது. 1963-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் அதன் பின்னரும் ஆங்கிலம் தொடரலாம் என்றது. தொடரும் என்று சொல்லவில்லை. மாநிலங்களவையில் அண்ணா இந்த வேறுபாட்டைத்தான் சுட்டிக்காட்டினார். இலக்கணம் பயிற்றுவிக்கும் எனக்கு இது வியப்பாகவே உள்ளது. ஒரு வினைமுற்றின் ஈறு ஒரு நாட்டையே கலக்கிற்று. சட்டம் பயின்ற பக்தவத்சலத்துக்கு அந்த ஈற்றின் பொருள் தெரியாதிருக்க வழியில்லை. ஆயினும் மத்திய அரசின் உறுதிமொழியே போதும் என்று அவர் நம்பினார். மும்மொழித் திட்டத்தையும் ஆதரித்தார். கீழப்பழுவூர்ச் சின்னசாமி 1964 சனவரியில் திருச்சியில் தீக்குளித்து மாண்ட செய்தியும் அவர் நம்பிக்கையை அசைக்கவில்லை.

குடியரசு நாளைத் துக்கநாளாகக் கொண்டாடுவதாகத் திராவிட முன்னேற்றக் கழகம் அறிவித்தது. அதைப் பொறுக்க மாட்டோம் என்று முதலமைச்சர் எச்சரித்தார். அண்ணாவும் தோழர்களும் முன்கூட்டியே சிறைப்படுத்தப்பட்டனர். தலைவர்களை அடைத்துவிட்டால் கிளர்ச்சி அடங்கும் என்பது விடுதலைப் போராட்டக் காலத்தில் வெள்ளையர் போட்ட கணக்கு. அதே கணக்கினால் இருமுறை சிறை சென்றவர் அதையே தாமும் போட்டார் என்பதை எண்ணுங்கால் நெஞ்சு கனக்கின்றது. போராட்டமோ தலைவர்கள் கையில் இல்லை. அது கல்லூரி மாணவர் கைக்குச் சென்றிருந்தது. சென்னை மாணவர்கள் ஆயிரக்கணக்கில் ஊர்வலமாகக் கோட்டை நோக்கி வந்து முதலமைச்சரிடம் முறையிட முயன்றனர். சந்திப்பு நிகழவில்லை. அரசியலில் எத்தனையோ சந்திப்புகள் பேசப்படுகின்றன. நிகழாத இந்தச் சந்திப்பே தமிழக வரலாற்றைத் திருப்பியது என்பேன். அம்மாணவர்களின் தந்தையர் பலர் காங்கிரசுக்கு வாக்களித்தவர்கள். அப்பிள்ளைகளோ காமராசர் திறந்த பள்ளிகளில் படித்து மேலே வந்தவர்கள்.

சனவரி 27 அன்று அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் வீழ்ந்தார். பிப்ரவரியில் கலவரம் மாநிலமெங்கும் பரவிற்று. திருப்பூரில் காவலர் இருவர் எரித்துக் கொல்லப்பட்டனர். பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. இறந்தோர் தொகை அரசின் கணக்கில் எழுபதை ஒட்டியது; பிறர் சொல்லும் தொகை அதனினும் பன்மடங்கு. மத்திய அமைச்சர்களான சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலக முன்வந்தனர். இருவரும் காங்கிரசின் மடியில் வளர்ந்தவர்கள்தாம். அளகேசன் செங்கற்பட்டு மாவட்டத்தவரே. 1938-இல் இந்தியைப் புகுத்திய இராஜாஜியும் இப்போது அதை எதிர்த்து நின்றார். சுற்றியிருந்தோர் அனைவரும் மாறியபோதும் பக்தவத்சலம் மாறவில்லை. இதைக் கொள்கை உறுதி என்று போற்றுவோர் உண்டு. என்னால் அவ்வாறு போற்ற இயலவில்லை. அவர் தமிழரின் மனக்கொதிப்பைச் சட்டம் ஒழுங்குக் கோப்பாக மட்டுமே படித்தார். அந்தப் படிப்பு பிழையானது.

அதனால் அவரைத் தமிழ்ப் பகைவர் என்று முத்திரையிடுவது முறையன்று. 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகம் அவருடைய ஆட்சியில்தான் தோன்றியது. அதன் முதல் துணைவேந்தராக அமர்ந்தவர் பன்மொழிப் புலவர் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார். ஒரு தமிழறிஞர் பல்கலைக்கழகம் ஒன்றின் முதல் துணைவேந்தர் ஆவது அந்நாளில் சிறு செய்தியன்று. அதே ஆண்டு ஏப்ரலில் கோலாலம்பூரில் கூடிய முதல் உலகத் தமிழ் மாநாட்டில் சென்னை மாநில முதலமைச்சராகக் கலந்துகொண்டவரும் அவரே. இரண்டாம் மாநாடு 1968 சனவரியில் சென்னையில் நடந்தது. அப்போது முதலமைச்சர் அண்ணா. அவ்விழாவின் சிலைகளை நாம் நினைவில் வைத்திருக்கின்றோம்; கோலாலம்பூரை மறந்துவிட்டோம்.

மொழிப்போரின் புண் ஆறுமுன் பருவமழை பொய்த்தது. 1965, 1966 ஆகிய இரண்டாண்டுகளும் நாடு முழுமைக்கும் வறட்சி. அரிசிக்கடை முன் வரிசை நீண்டது. நெசவாளர் வீட்டுப் பெண்களுக்கு அரசமைப்புப் பிரிவுகள் தெரியாமல் இருக்கலாம். படி அரிசியின் விலை தெரியும். முதலமைச்சரை அண்ணாச்சி என விளித்து அரிசி விலையைக் கேட்கும் எதுகை முழக்கம் தெருவெங்கும் எழுந்தது. ஒரு ரூபாய்க்கு மூன்று படி இலட்சியம், ஒரு படியேனும் உறுதி என்று கழகம் வாக்களித்தது. விளைச்சல் குறைவு, மத்தியத் தொகுப்பு, போக்குவரத்து என்று ஆட்சியாளர் தந்த விளக்கங்கள் யாவும் உண்மையே. பசித்தவர் முன் விளக்கம் நிற்குமா?

1967 பிப்ரவரித் தேர்தலில் 234 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 51 மட்டுமே. விருதுநகரில் காமராசரை மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் தோற்கடித்தார். திருப்பெரும்புதூரில் பக்தவத்சலம் தி.மு.க.வின் து. இராசரத்தினத்திடம் தோற்றார். தமிழகத்தில் நச்சுக்கிருமிகள் பரவிவிட்டன என்று அவர் மனம் கசந்து கூறியதாக இன்றளவும் சொல்லப்படுகின்றது. மார்ச்சு 6 அன்று அண்ணா பொறுப்பேற்றார். 1968 சனவரி 23-இல் சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றிற்று. 1969 பிப்ரவரி 3-இல் அண்ணா மறைந்தார். அவரைவிடப் பன்னிரண்டு ஆண்டு மூத்தவரான பக்தவத்சலம் அதற்குப் பின்னும் பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். தாம் தோற்ற அந்த ஒரு தேர்தலின் விளைவை, ஆட்சிகள் மாறியும் காங்கிரஸ் கோட்டைக்குத் திரும்பாததை, அவர் முழுமையாகக் கண்டார். தமிழகத்தின் கடைசிக் காங்கிரஸ் முதலமைச்சர் என்னும் அடைமொழி அவரைவிட்டு இன்னும் நீங்கவில்லை. 1987 பிப்ரவரியில் தம் எண்பத்தொன்பதாம் வயதில் காலமானார். கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் இராஜாஜி, காமராசர் நினைவிடங்களை அடுத்து அவருடைய மணிமண்டபம் அமைந்துள்ளது.

மாமனிடமிருந்து மருமகனுக்கு வந்த பொதுவாழ்வு அவரோடு முடியவில்லை. மகள் சரோஜினி வரதப்பன் தேர்தல் அரசியலை விடுத்துப் பெண்கள் நலப்பணியை மேற்கொண்டார். இந்திய மாதர் சங்கத்தின் தலைவராகப் பல்லாண்டு தொண்டாற்றினார். பத்மபூஷண் விருது பெற்றார். எண்பதை ஒட்டிய அகவையில் ஆய்வு செய்து முனைவர் பட்டமும் பெற்றார். முப்பது வயதில் ஆய்வேட்டை முடிக்கவே தடுமாறிய என் போன்றோர் நாணத்தக்க செய்தி இது. அவர் 2013-இல் மறைந்தார். பேத்தி ஜெயந்தி நடராசன் 1986-இல் மாநிலங்களவை உறுப்பினராகி, 2011 முதல் 2013 வரை மத்தியச் சுற்றுச்சூழல் துறையை வகித்தார். 1922-இல் தாத்தா சேர்ந்த காங்கிரசிலிருந்து 2015 சனவரியில் அவர் விலகினார்.