பல்வங்கர் பாலுவின் மண்குவளை

திருவானைக்காவலில் ஞாயிறு மாலைகளில் சட்டக் கல்லூரி மாணவர்களோடு நாம் ஒரு வாசிப்பு வட்டம் நடத்திவருகிறோம். சென்ற மாதம் பூனா ஒப்பந்தத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது, அதில் கையெழுத்திட்டோர் பட்டியலில் பி. பாலு என்றொரு பெயரைச் சுட்டி, இவர் யார் என்று ஒரு மாணவர் கேட்டார். கொள்ளிட மணலில் மட்டை பிடித்து ஆடிவிட்டு நேரே வந்திருந்தவர் அவர். இந்தியா கண்ட முதல் பெரும் சுழற்பந்து வீச்சாளர் என்று நாம் சொன்னதும் அவர் நம்ப மறுத்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ராமச்சந்திர குகா 2002இல் வெளியிட்ட ஆங்கில நூலில் விரிவாக எழுதும்வரை கிரிக்கெட் உலகமே பாலுவை ஏறக்குறைய மறந்திருந்தது.

பல்வங்கர் பாலு 1870களின் நடுவில் தார்வாடில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் கொங்கணக் கடற்கரையின் பல்வன் கிராமம்; தோல் தொழிலோடு பிணைக்கப்பட்ட சம்பார் சாதி. தந்தை ஆங்கிலேயப் படையில் பணிபுரிந்ததால் பிள்ளைகள் பூனாவில் வளர்ந்தனர். அதிகாரிகள் கழித்துப்போட்ட மட்டையையும் பந்தையும் கொண்டு பாலுவும் தம்பி சிவராமும் ஆடக் கற்றனர். பாலுவின் முதல் வேலை ஒரு பார்சி சங்கத்தின் மைதானத்தைப் பெருக்கி உருளை இழுப்பது. மாதம் 3 ரூபாய். 1892 வாக்கில் வெள்ளையரின் பூனா கிளப்புக்கு மாறினார். கூலி 4 ரூபாய் ஆனது. தரையைச் சீர்செய்து, கோடு கிழித்து, வலை கட்டி முடித்த பின்னர் அதிகாரிகளுக்குப் பந்து வீசவும் வேண்டும். கிரேக் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரர் தம்மை ஒவ்வொரு முறை ஆட்டமிழக்கச் செய்யும்போதும் பாலுவுக்கு எட்டணா தருவார் என்று சொல்லப்படுவதுண்டு. அது உண்மையோ கதையோ, நாள்தோறும் மணிக்கணக்கில் வீசிய அந்த உழைப்பே அவரது இடக்கைச் சுழலைக் கூர்மையாக்கியது. ஆனால் ஒருமுறைகூட அவர் கையில் மட்டையைக் கொடுத்து ஆடச் சொன்னதில்லை. மட்டை துரைமார்களுக்கு உரியது. பந்து வீசுவது வேலையாள் கடமை.

பூனாவின் இந்து அணி வெள்ளையரைத் தோற்கடிக்க விரும்பியபோதுதான் சிக்கல் எழுந்தது. பாலு இல்லாமல் வெல்ல முடியாது; பாலுவோடு ஆடினால் ஆசாரம் கெடும். தெலுங்கு உறுப்பினர்கள் அவருக்காக வாதாட, பூனா பிராமணர்கள் மறுக்க, முடிவில் வெற்றியாசை ஆசாரத்தை வென்றது. பாதியளவுக்கு மட்டும். மைதானத்தில் அவர் வீசிய பந்தை அனைவரும் தொட்டனர். இடைவேளையில் மற்றவர்களுக்குப் பீங்கான் கோப்பையில் தேநீர் உள்ளே; பாலுவுக்குக் கழித்தெறியும் மண்குவளையில் வெளியே. உணவு தனி மேசையில், தனித் தட்டில். முகம் கழுவ நீர் வேண்டுமென்றால் தீண்டப்படாத வேலையாள் ஒருவர்தான் கொண்டுவர வேண்டும். கிரிக்கெட் பந்து மாட்டுத்தோலால் ஆனது என்பதை இங்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அதைத் தொட்டதால் எவருக்கும் தீட்டு ஒட்டவில்லை.

பூனாவைப் பிளேக் நோய் சூறையாடிய பின்னர் பாலு பம்பாய் சென்றார். அங்கிருந்த இந்து ஜிம்கானாவிலும் முதலில் எதிர்ப்பு இருந்தது; அதை மீறியே சேர்க்கப்பட்டார். ரயில்வேயிலும் வேலை கிடைத்தது. 1906 பிப்ரவரியில் இந்து அணி ஐரோப்பியரை 109 ஓட்ட வித்தியாசத்தில் வென்றபோது பாலுவும் சிவராமும் அந்த அணியில் இருந்தனர். பம்பாயில் அச்சகோதரர்கள் பிறரோடு அமர்ந்து உண்ணும் நிலையும் வந்தது. சுதேசி அலை வீசிய காலத்தில் அந்த வெற்றி தேச வெற்றியாகக் கொண்டாடப்பட்டது.

1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து சென்ற அணி ஆடிய 23 ஆட்டங்களில் 15இல் தோற்றது. அந்தத் தோல்விப் பயணத்தில் பாலு மட்டும் 114 விக்கெட்டுகளைச் சாய்த்தார். சராசரி 19 ஓட்டங்களுக்கும் குறைவு. அவருக்கு அப்போது வயது முப்பத்தைந்தை எட்டியிருந்தது, தோள்வலி வேறு. ஊர் திரும்பியவருக்குப் பம்பாயின் ஒடுக்கப்பட்ட மக்கள் வரவேற்பளித்தனர். அந்த வரவேற்பு மடலை எழுதியவர் பீமராவ் அம்பேத்கர் என்ற கல்லூரி மாணவர் என்று பதிவாகியுள்ளது.

இவ்வளவு செய்தும் இந்து அணியின் தலைமை அவருக்குத் தரப்படவில்லை. ஆண்டுதோறும் அவரினும் அனுபவம் குறைந்த சாதி இந்துக்கள் தலைவர்களாயினர். 1913இல் தலைவராக்கப்பட்ட எம்.டி. பை, அப்பொறுப்பு பாலுவுக்கே உரியது என்று வெளிப்படையாகச் சொன்னார் என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். 1920இல் பை ஆட இயலாத ஆட்டத்துக்குப் பூனாவின் தேவ்தர் தலைவராக்கப்பட்டார். பாலு அணியிலேயே இல்லை. சிவராமும் கடைசித் தம்பி விட்டலும் காரணத்தை அறிக்கையாக வெளியிட்டு அணியிலிருந்து விலகினர். நமது வாசிப்பில் இந்தக் கதையின் உச்சம் 1911 அன்று, இந்த விலகல்தான். விளையாட்டுத் திறமையால் மட்டுமே கிடைக்காத ஒன்றைக் கூட்டு மறுப்பு பெற்றுத் தந்தது: இறுதியாட்டத்தில் பாலு திரும்ப அழைக்கப்பட்டுத் துணைத் தலைவராக்கப்பட்டார், பை சிறிது நேரம் களத்தைவிட்டு வெளியேறி அணியை அவர் கையில் விட்டார். 1923இல் விட்டல் முழுத் தலைவரானார். அவ்வாண்டு ஐரோப்பியரை வென்றதும் அவரைத் தோளில் தூக்கிச் சென்றனர்.

இனி மாணவர்கள் கேட்கத் தயங்கிய பகுதி. 1932இல் தனி வாக்காளர் தொகுதி அறிவிக்கப்பட்டபோது பாலு அம்பேத்கருக்கு எதிர்ப்பக்கம் நின்றார். மூஞ்சேயோடு உடன்பாடு கண்டு கூட்டுத் தொகுதியை ஆதரித்த நம் சென்னையின் எம்.சி. ராஜாவும் அப்பக்கமே. 1933இல் இந்து மகாசபை சார்பில் மாநகராட்சித் தேர்தலில் நின்று தோற்றார். 1937இல் பம்பாய் சட்டமன்றத்துக்கு அம்பேத்கர் போட்டியிட்டபோது, அவரை வீழ்த்தக் காங்கிரஸ் நிறுத்திய வேட்பாளர் பாலு. அம்பேத்கர் 13,245 வாக்குகள், பாலு 11,225.

துரோகம் என்ற ஒரே சொல்லில் இதை முடித்துவிடும் நண்பர்கள் உண்டு. நாம் அதோடு உடன்படவில்லை. அதற்காக இதை மூடி மறைத்து அவரைச் சிலையாக்கவும் விரும்பவில்லை. பாலுவின் சொந்த வாழ்க்கை அவருக்குக் கற்பித்தது வேறு பாடம்: சாதி இந்துக்களோடு ஒரே அணியில் நின்றால், மெல்ல மெல்லவேனும், மண்குவளை பீங்கான் கோப்பையாகும். பம்பாயில் அது நடந்தும் காட்டியது. ஒரு மனிதருக்கு நடந்தது ஒரு மக்களுக்கும் நடக்கும் என்று அவர் நம்பியதே பிழை. 114 விக்கெட் வீழ்த்தாத சம்பாருக்கு யார் கோப்பை நீட்டுவார்?

இன்னொன்று, அமைப்பு சார்ந்தது. பூனா ஒப்பந்தம் மாகாண சட்டமன்றங்களில் 148 இடங்களைத் தந்தது; ஆனால் அவற்றுக்கு யார் செல்வதென்பதை அனைத்துச் சாதி வாக்காளர்களும் தீர்மானிப்பர். அத்தகைய தொகுதியில் சாதி இந்துக்களுக்குப் பிடித்த தலித் வேட்பாளரைத் தேடுவதே பெருங்கட்சிக்குப் போதுமானது. மகர் சாதியில் பிறந்த தலைவருக்கு எதிராகச் சம்பார் சாதியின் நாயகன் நிறுத்தப்பட்டதும் தற்செயல் என்று நமக்குத் தோன்றவில்லை. பறையர், பள்ளர், அருந்ததியர் என்று நம்மைக் கூறுபோட்டு வாக்கு எண்ணும் கணக்கை அறிந்தவர்களுக்கு இது புதிதுமன்று. 1937இல் அம்பேத்கர் தப்பினார். 1952 நாடாளுமன்றத் தேர்தலில் அதே பம்பாயில், அதே சம்பார் சாதியின் கஜ்ரோல்கரை நிறுத்திக் காங்கிரஸ் அவரைத் தோற்கடித்தது. அப்போது பாலு எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

1955 ஜூலை 4 அன்று பாலு பம்பாயில் காலமானார். அதற்கு 33 நாள்களுக்கு முன்னர், ஜூன் 1 அன்று, தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. பொது உணவகத்தில் வைத்திருக்கும் பாத்திரத்தைத் தீண்டாமையின் பேரில் ஒருவருக்கு மறுப்பது அதன் 4ஆம் பிரிவின்படி குற்றம். தனியார் ஜிம்கானா ஒன்றின் தேநீர் மேசை அப்பிரிவின் வரம்புக்குள் வருமா என்பது வழக்காடத்தக்க கேள்வி. சட்டத்தின் பெயர் 1976இல் குடிசார் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று மாறியது. இரட்டைக் குவளை வைத்திருக்கும் தேநீர்க் கடைகள்மீது புகார் எழுதும்போது நாம் இன்றும் குறிப்பிடுவது அந்த 4ஆம் பிரிவைத்தான்.