ஒளியில் ஒரு கைநாட்டு

1909ஆம் ஆண்டில் இரங்கூன் நகரத்தின் அரசாங்கக் கரன்சி அதிகாரியாக ஒரு தமிழ் இளைஞர் பொறுப்பேற்றார். அவருக்கு வயது இருபதை எட்டியிருந்தது. இன்று எனக்குள்ள வயது. நோட்டுக்கும் கணக்குக்கும் காவலிருக்கும் பதவி அது. அசலையும் போலியையும் பிரித்தறிய இன்று உலகெங்கும் கையாளப்படும் முறை ஒன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அவர்தாம் சர் சி. வி. இராமன்.

1888 நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் இராமன் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர் கல்லூரி விரிவுரையாளர். ஆகவே நம்மில் பலருக்கு வாய்க்காத புத்தக அலமாரி அவர் வீட்டிலேயே இருந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருக்கும்போதே, 1906இல், அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை இங்கிலாந்தின் அறிவியல் ஏடு ஒன்றில் வெளியாயிற்று. ஆயினும் ஆராய்ச்சியை நம்பிக் குடும்பம் நடத்தும் காலம் அன்று இல்லை. 1907இல் நிதித்துறையில் சேர்ந்து கல்கத்தா சென்றார். முதலில் ஒரு வேலையைத் தேடிக்கொள் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை நாம் குறையாக எண்ண வேண்டியதில்லை. இராமனும் அவ்வழியே சென்றவர்தாம்.

கல்கத்தாவின் பௌபஜார் தெருவில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வகம் இருந்தது. அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் இராமன் அங்கேதான். இரங்கூன், நாகபுரி என்று மாற்றலாகிப் போனவர் 1911இல் மீண்டும் கல்கத்தாவுக்கே வந்தார். 1917இல் குறைந்த ஊதியத்துக்கு இசைந்து, அரசுப் பதவியை விட்டுக் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவர் கருத்தைக் கவர்ந்தது. வானத்தின் நீலமே கடலில் தெரிகிறது என்று அறிஞர் ராலே கூறியிருந்தார். கையிலிருந்த நிக்கல் பட்டகத்தால் அந்தப் பிரதிபலிப்பை நீக்கிப் பார்த்தார் இராமன், நீலம் போகவில்லை. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று உணர்ந்தார். அதன்பின் ஏழாண்டுகள் திரவம் திரவமாகச் சோதனை நடந்தது. 1928 பிப்ரவரி 28ஆம் நாள் முடிவு துலங்கியது. ஒரே நிற ஒளியைப் பாய்ச்சினாலும், சிதறி வரும் ஒளியில் மிகச் சிறு பகுதி, ஏறத்தாழ கோடியில் ஒரு பங்கு, நிறம் மாறி வருகிறது!

இம்மாற்றம் எதனால்? மூலக்கூறில் உள்ள அணுக்கள் ஓயாது அதிர்கின்றன. அவ்வதிர்வின் அதிர்வெண்கள் அகச்சிவப்புப் பகுதியைச் சேர்ந்தவை. 1800இல் ஹெர்ஷல் கண்டுபிடித்த, கண்ணுக்குத் தெரியாத ஒளி அது. மோதிய ஒளி அதிர்வுக்குச் சிறிது ஆற்றலைக் கொடுத்துவிட்டு, அல்லது அதனிடம் பெற்றுக்கொண்டு, வெளியேறுகிறது. எனவே கண்ணுக்குப் புலப்படாத செய்தி, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் கோடுகளாகப் பதிகிறது. பொருளுக்குப் பொருள் கோடுகள் வேறு. என் தந்தை பத்திரங்களில் கைநாட்டு வைப்பவர். கையெழுத்தைப் பார்த்து எழுதிவிடலாம், கைநாட்டை அப்படிச் செய்ய இயலாது. இராமன் கண்டது மூலக்கூறின் கைநாட்டு என்றே நான் புரிந்துகொண்டேன்.

1930இல் நோபல் பரிசு இராமன் ஒருவருக்கே கிடைத்தது. இருட்டறையில் அவரோடு கண்விழித்த கே. எஸ். கிருஷ்ணன் பெயரையும் நாம் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

நமது கிரிவலப் பாதையில் ஸ்படிக மாலை விற்கும் கடைகள் பல. ஸ்படிகம் என்பது குவார்ட்ஸ் கல். கண்ணாடி மணியும் பார்வைக்கு அதுபோலவே இருக்கும். இரண்டிலும் பெரும்பகுதி சிலிக்கானும் ஆக்சிஜனுந்தான். குவார்ட்ஸில் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால் கோடுகள் கூர்மையாகத் தெரியும். கண்ணாடியிலோ பட்டையாக மங்கிப் பரவும். இராமனே 1940இல் நெடுங்காடியுடன் சேர்ந்து, குவார்ட்ஸைச் சூடாக்கி அக்கோடுகள் மாறுவதை ஆராய்ந்தவர்.

மாலையில் ஏமாந்தால் பணந்தான் போகும். மருந்தில் ஏமாந்தால்? வருவாய் குறைந்த, நடுத்தர நாடுகளில் பத்தில் ஒரு மருந்து தரமற்றதாகவோ போலியாகவோ இருக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் 2017இல் மதிப்பிட்டது. இன்று கையடக்கமான இராமன் கருவிகள் வந்துவிட்டன. பல கருவிகளில் 785 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர் உள்ளது. சாயங்கள் ஒளிர்ந்து தொல்லை தருவது இவ்வொளியில் குறைவு. மாத்திரை அட்டையைப் பிரிக்காமலே, தெளிந்த பிளாஸ்டிக்கின் வழியே சோதிக்கலாம். நைஜீரிய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010ஆம் ஆண்டளவில் இவற்றைக் களத்தில் இறக்கியது. ஆனால் மருந்து மிகச் சிறிதளவே கலந்த மாத்திரைகளில் இக்கருவி தடுமாறும் என்பதையும் மறைக்கக் கூடாது.

இன்னொரு வழியும் உண்டு. நுண்ணிய தங்கத் துகள்களின்மேல் தேர்ந்தெடுத்த மூலக்கூறைப் பூசி, அச்சு மையில் கலந்து பொருளின்மேல் குறியிடுகிறார்கள். கண்ணுக்கு அது வெறும் மை. தங்கத்தின் அருகிலுள்ள மூலக்கூறின் இராமன் ஒளி பன்மடங்கு பெருகுவதால், லேசர் பட்டதும் மறைந்திருக்கும் கோடுகள் கருவியில் எழுகின்றன.

இவற்றையெல்லாம் காண இராமன் இல்லை. 1948இல் பெங்களூரில் தாம் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்திலேயே இறுதிவரை உழைத்து, 1970 நவம்பர் 21இல் மறைந்தார். 1928ஆம் ஆண்டுச் சோதனைக்கு அவர் கொண்டது சூரிய ஒளி, வண்ண வடிகட்டிகள், பாதரச விளக்கு, சிறு நிறமாலைமானி ஆகியவையே. பாதரச விளக்கும் நிறமாலைமானியும் நம் ஆய்வகத்திலும் இருக்கின்றன. வரும் ஆண்டில் அவற்றைக் கொண்டு ஒரு கோட்டையாவது கண்ணால் காண முயல, எங்கள் விரிவுரையாளரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன்.