கோட்டைகளுக்கிடையே ஒரு வாழ்வு
சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபி (ரஹ்)

 

ஸலாஹுத்தீன் ஐயூபி (ரஹ்) அவர்களின் பெயரைக் கேட்டவுடன் பைத்துல் முகத்தஸ் மீட்கப்பட்ட அந்த வெள்ளிக்கிழமையே நம் நினைவில் எழுகின்றது. பயான்களில் நாமும் அதனையே எடுத்துரைக்கின்றோம். ஆனால் அம்மாமனிதரின் ஆட்சிக்காலத்தில் பெரும்பகுதி கோட்டை மதில்களின் முன்னே, கூடாரங்களில் கழிந்தது. அவ்வாழ்வை அக்கோட்டைகளின் வழியாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹிஜ்ரி 532இல் (கி.பி. 1137-38) இராக்கிலுள்ள திக்ரீத்தில், ஒரு குர்து குடும்பத்தில் அவர்கள் பிறந்தார்கள். இயற்பெயர் யூசுஃப். தந்தை நஜ்முத்தீன் ஐயூப் அக்கோட்டையின் பொறுப்பாளர். குழந்தை பிறந்த இரவிலேயே குடும்பம் கோட்டையை விட்டு வெளியேற நேர்ந்தது என வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். பின்னர் தந்தை பஃலபக் கோட்டையின் ஆளுநரானார். சிறிய தந்தை ஷிர்கூஹுடன் எகிப்து சென்ற யூசுஃப், 1169இல் அந்நாட்டின் அமைச்சரானார். 1174இல் நூருத்தீன் ஸன்கீ (ரஹ்) வஃபாத்தானதும் திமிஷ்கும் அவர்கள் வசமாயிற்று.

1176இல் கெய்ரோவின் முகத்தம் குன்றின்மீது ஒரு பெருங்கோட்டை கட்டத் தொடங்கினார்கள். பாறையைக் குடைந்து ஏறத்தாழ 90 மீட்டர் ஆழத்திற்கு வெட்டப்பட்ட கிணறு இன்றும் யூசுஃபின் கிணறு என்றே அழைக்கப்படுகின்றது. கட்டுமான வேலையில் பராங்கியக் கைதிகள் உழைத்ததைப் பயணி இப்னு ஜுபைர் நேரில் கண்டு எழுதியுள்ளார். அக்கோட்டை சுல்தானின் ஆயுட்காலத்தில் நிறைவுபெறவில்லை.

சிலுவைப் படையினர் தொகையில் சிறியவர்கள். ஆகவேதான் அவர்கள் கல்லை நம்பினார்கள். ஆற்றுத்துறை, மலைக்கணவாய், வணிகப்பாதை ஆகியவற்றின் தலைமாட்டில் ஒரு கோட்டை எழுப்பிவிட்டால், சில நூறு பேரைக் கொண்டு ஒரு நாட்டையே அடக்கியாள இயலும். 1178இல் ஜோர்தான் நதியின் யஃகூப் துறையில் அவ்வாறொரு கோட்டையை எழுப்பலாயினர். அங்கிருந்து திமிஷ்கு ஏறத்தாழ ஒரு நாள் பயணத் தொலைவே. அதனை இடித்துவிட்டால் 60,000 தீனார் தருவதாகவும், பின்னர் 1,00,000 தீனார் தருவதாகவும் சுல்தான் பேசிப்பார்த்தார்கள், மறுத்துவிட்டனர். 1179 ஆகஸ்டில் படை சூழ்ந்தது. மதிலின் அடியில் சுரங்கம் தோண்டி, மரத்தால் முட்டுக்கொடுத்து, அம்மரத்திற்குத் தீ மூட்டினால் மேலே நிற்கும் சுவர் சரியும். முதல் தீயில் சுவர் சரியவில்லை. சுரங்கம் போதிய நீளமில்லை. அத்தீயை அணைக்க ஒரு தோல்பை நீருக்கு ஒரு தீனார் என அறிவித்து, அணைத்து, மேலும் தோண்டச் செய்தார்கள். ஒரு வாரத்திற்குள் கோட்டை விழுந்தது. சிறைபிடிக்கப்பட்டோரில் பலர் கொல்லப்பட்டனர். சடலங்கள் நீர்த்தொட்டியில் வீசப்பட்டன. அதன்பின் பரவிய கொள்ளைநோயில் சுல்தானின் தளபதிகள் சிலரும் மாண்டனர். புகழுரைகளில் இந்நிகழ்ச்சி இடம்பெறுவதில்லை. நாமாவது மறைக்காமல் சொல்லிவிடுவோம்.

கரக் கோட்டையோ வேறு வகை. எகிப்துக்கும் ஷாமுக்கும் இடையிலான பாதையும், ஹாஜிகள் செல்லும் வழியும் அதன் கண்பார்வையில் இருந்தன. அதன் தலைவன் ரெஜினால்ட், கப்பல்களைத் துண்டு துண்டாக ஒட்டகங்களில் ஏற்றிச் சென்று செங்கடலில் இறக்கினான். ஹரமைன் ஷரீஃபைனுக்கே ஆபத்து என்ற அச்சம் பரவிற்று. 1183இன் தொடக்கத்தில் எகிப்தியக் கடற்படை அக்கூட்டத்தை அழித்தொழித்தது. அவ்வாண்டிலும் மறு ஆண்டிலும் சுல்தான் கரக்கை முற்றுகையிட்டார்கள். இருமுறையும் ஜெரூசலத்திலிருந்து உதவிப்படை வரவே திரும்ப நேர்ந்தது.

உடன்படிக்கையை மீறி ரெஜினால்ட் ஒரு வணிகக் கூட்டத்தைக் கொள்ளையிட்டதும் போர் மூண்டது. 1187 ஜூலை 4இல் ஹித்தீனில் பராங்கியப் படை அழிந்தது. ரெஜினால்டைச் சுல்தான் தம் கையாலேயே வெட்டினார்கள். அப்போருக்காகக் கோட்டைகளின் காவலர்களையெல்லாம் பராங்கியர் திரட்டி வந்திருந்தனர். எனவே ஹித்தீனுக்குப் பின் ஊர்கள் வரிசையாக வீழ்ந்தன. ஹிஜ்ரி 583 ரஜப் 27இல் (1187 அக்டோபர் 2) பைத்துல் முகத்தஸின் கதவுகள் திறந்தன. ஆணுக்கு 10 தீனார், பெண்ணுக்கு 5 தீனார் என ஈட்டுத்தொகை பெற்று மக்களை வெளியேற அனுமதித்தார்கள். ஏழைகள் பலர் தொகையின்றியே விடப்பட்டனர், எல்லோரும் அல்லர்.

இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டியுள்ளது. சரணடைந்த ஒவ்வோர் ஊரின் வீரர்களும் உயிருடன் ஸூர் துறைமுகத்திற்குச் செல்ல விடப்பட்டனர். அவர்கள் அங்கு திரண்டு, ஸூர் வெல்ல முடியாத அரணாயிற்று. 1188 ஜனவரியில் சுல்தான் முற்றுகையைக் கைவிட்டார்கள். தவறு முழுவதும் சுல்தானுடையதே என இப்னுல் அஸீர் கண்டிக்கின்றார். அடியேன் முழுமையாக உடன்படவில்லை. அபயம் அளித்தால் காப்பாற்றுவார் என்ற நம்பிக்கை இருந்ததால்தான் பல கோட்டைகள் வாளின்றித் திறந்தன. கணக்கு இருபுறமும் உண்டு.

1188 கோடையில் ஹிஸ்னுல் அக்ராதைக் கண்ணுற்று, அதன் வலிமையை எடைபோட்டு, தொடாமலே கடந்தார்கள். (அது 1271இல்தான் பைபர்ஸிடம் வீழ்ந்தது.) ஆனால் பாறையையே அகழியாக வெட்டியிருந்த ஸஹ்யூன், ஜூலை இறுதியில் சில நாட்களிலேயே வசமாயிற்று. அவ்வாண்டின் பிற்பகுதியில் கரக்கும் பசியால் பணிந்தது.

மறு ஆண்டு ஷகீஃப் அர்னூன் கோட்டையின் தலைவன் அரபு மொழியில் இனிக்கப் பேசி, சுல்தானுடன் உணவருந்தி, மார்க்கம் பற்றியும் உரையாடினான். குடும்பத்தை ஸூரிலிருந்து அழைத்துவர மூன்று மாதத் தவணை கேட்டான், கிடைத்தது. அதற்குள் மதில்களைச் செப்பனிட்டுக்கொண்டான். வஞ்சகம் வெளிப்பட்ட பின்னர் அவன் சிறைப்பட்டான். எனினும் காலம் கடந்துவிட்டது. 1189 ஆகஸ்டில் பராங்கியர் அக்காவை முற்றுகையிட்டனர். 1191 ஜூலையில் அது அவர்கள் வசமாயிற்று. அடுத்து அஸ்கலான் பறிபோகாதிருக்க, அதனை இடிக்கும்படி சுல்தானே ஆணையிட்டார்கள். தம் பிள்ளைகளை இழப்பது இதனினும் எளிது என்று வருந்தியதாக அருகிருந்த நீதிபதி இப்னு ஷத்தாத் எழுதுகின்றார்.

1192 செப்டம்பரில் சமாதானம் ஏற்பட்டது. ஹஜ் செய்யவேண்டும் என்ற நெடுநாள் ஆசை அப்போது மேலிட்டது, ஆட்சிப்பணிகள் விடவில்லை. ஹாஜிகளின் வழிக்காகக் கரக்கின் முன்னே காத்துக்கிடந்தவருக்கு அந்த வழியில் தாமே செல்லும் நஸீபு அமையவில்லை. 1193 பிப்ரவரியில், திரும்பி வந்த ஹாஜிகளை எதிர்கொள்ளத் திமிஷ்குக்கு வெளியே குதிரையில் சென்றார்கள். அதையடுத்து காய்ச்சல் கண்டது. ஹிஜ்ரி 589 ஸஃபர் 27, மார்ச் 4 அன்று திமிஷ்குக் கோட்டையில் வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

கருவூலத்தில் 47 திர்ஹமும் ஒரேயொரு பொற்காசும் இருந்தன. அப்பொற்காசு ஸூர் நாணயம் என்று இப்னு ஷத்தாத் குறித்துள்ளார். அடக்கச் செலவுக்குக் கடன் வாங்க வேண்டியதாயிற்று. முதலில் கோட்டைக்குள்ளேயே நல்லடக்கம் செய்யப்பட்டார்கள். சில ஆண்டுகளுக்குப் பின் உமைய்யா ஜாமிஆ மஸ்ஜிதை ஒட்டிய இடத்திற்கு மாற்றப்பட்டார்கள். ஸியாரத் செய்வோர் இன்றும் அங்கேதான் செல்கின்றனர்.