விண்மீன்களின் இறுதியை ஆராய்ந்த சந்திரசேகரர்

சேலம் நகருக்குத் தென்மேற்கே, சமவெளியினின்று உயர்ந்து தோன்றுவது கஞ்சமலை. அதன் பாறைகளில் காந்தத் தன்மையுள்ள இரும்புத்தாது மிகுந்துள்ளது. முற்காலத்தில் இந்நாட்டுக் கொல்லர் அத்தாதினைக் கரியிட்டு உருக்கிக் கொழுவும் வாளும் செய்தனர். அவ்விரும்பு இம்மலையில் எங்ஙனம் திரண்டது என்பதற்கு நிலநூலார் விடை கூறுவர். இவ்வுலகிற்கே இரும்பு எங்கிருந்து வந்தது என வினவினாலோ, நாம் விண்மீன்களை நோக்குதல் வேண்டும். அவ்விடைக்கு வழிகோலியவருள் ஒருவர் தமிழ்க் குடியிற் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகரர். அவர்தம் வரலாறு மாணவராகிய நாம் அறிந்து போற்றத்தக்கது.

சந்திரசேகரர் 1910ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 19ஆம் நாள் லாகூரிற் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் அங்கு இருப்புப்பாதைக் கணக்குத் துறையில் அலுவல் புரிந்தவர். அன்னையார் சீதாலட்சுமி அம்மையார் இப்ஸன் என்னும் நார்வே ஆசிரியரின் நாடகமொன்றைத் தமிழிற் பெயர்த்தவர். ஸர் ஸி. வி. இராமன் இவர்க்குச் சிறிய தந்தையார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர்ச் சென்னை இராஜதானிக் கல்லூரியிலும் பயின்றார். 1928இல் ஜெர்மானியப் பேராசிரியர் ஸொம்மர்பெல்ட் சென்னைக்கு வந்தபோது அவரைக் கண்டு உரையாடி, தாம் கற்றிருந்த அணுநூற் கொள்கை பழையதாயிற்று என்பதை உணர்ந்தார். உணர்ந்தும் சோர்ந்திலர், புதியதனைத் தாமே முயன்று கற்று, மாணவராயிருக்கும்போதே ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி வெளியிட்டார்.

1930ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31ஆம் நாள், மேற்படிப்பின்பொருட்டுப் பம்பாயிற் கப்பலேறினார். அப்போது அவர்க்கு வயது 19. நம்மிற் பலர்க்கு இன்றுள்ள வயதே. நோயுற்றிருந்த அன்னையார் மகனைத் தடுத்திலர். அடுத்த ஆண்டே அவ்வம்மையார் காலஞ்சென்றார். மகன் அவரை மீண்டும் காணவில்லை.

அக்கடற்பயணத்திலே ஒரு கணக்கு அவருள்ளத்தைக் கவர்ந்தது. எரிபொருள் தீர்ந்த விண்மீன்கள் சுருங்கி வெண்குறுமீன்கள் ஆகின்றன என்பது அக்காலத்துக் கொள்கை. அக்கொள்கையோடு ஐன்ஸ்டைனின் சார்புத் தத்துவத்தையும் சேர்த்துக் கணித்த இளைஞர், அவ்வாறு நிலைபெறுதற்கு ஓர் எல்லையுண்டு எனக் கண்டார். பிற்காலத்துக் கணக்கின்படி அவ்வெல்லை சூரியனது நிறையைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு. அதனை மீறியது தன் பாரத்தைத் தானே தாங்கமாட்டாது.

கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சியை முடித்துப் பட்டம் பெற்ற பின், 1935 ஜனவரி 11ஆம் நாள் இலண்டன் வானநூற் கழகத்தில் இம்முடிவினை எடுத்துரைத்தார். அவர் அமர்ந்ததும், அக்கால வானநூலாருள் தலைசிறந்தவரும் இவர்பால் அன்புடையவருமாகிய எடிங்டன் எழுந்து, அதனை நகையாடி மறுத்தார். அவையோர் சிரித்தனர். மறுமொழி கூற இளைஞர்க்கு இடம் கிடைக்கவில்லை. போர், பௌலி முதலிய அறிஞர் இவர் கூற்றே சரியெனத் தனிமையில் ஒப்பினர். பலரறியச் சொல்ல முன்வந்திலர்.

சந்திரசேகரர் மனம் நொந்தார். எனினும் பூசலை வளர்த்திலர். 1937இல் அமெரிக்கா சென்று சிகாகோ சர்வகலாசாலையில் அமர்ந்தார். 1939இல் தம் கொள்கையை நூலாக வகுத்து வைத்துவிட்டு, வேறு ஆராய்ச்சியிற் புகுந்தார். 1944இல் எடிங்டன் மறைந்தபோது, தம்மை நகைத்த அப்பெரியாரின் அருமையை மனமாரப் புகழ்ந்துரைத்தார்.

காலம் அவர் கணக்கை மெய்ப்பித்தது. விண்மீன் என்பது ஓர் உலைக்களம். அதில் ஹைட்ரஜன் ஹீலியமாகின்றது. ஹீலியம் கரியாகவும் பிராணவாயுவாகவும் மாறுகின்றது. பெருவிண்மீன்களில் இவ்வேலை இரும்பு வரையிற் செல்லும். இரும்பினை மேலும் இணைத்தலால் வெப்பம் பிறவாது. ஆகவே உள்ளே திரளும் இரும்புக் கரு சந்திரசேகரர் கண்ட எல்லையை எட்டியதும் நொடிப்பொழுதில் இடிந்து வீழ்கின்றது. விண்மீன் சூப்பர்நோவா என்னும் பெருவெடிப்பாகச் சிதறுகின்றது. மற்றொரு வகையும் உண்டு. வெண்குறுமீன் தன் துணைமீனிலிருந்து பொருளை ஈர்த்து அவ்வெல்லையை நெருங்குமாயின், அது முழுவதும் வெடிக்கும். அவ்வெடிப்பில் உண்டாகும் நிக்கல், கோபால்ட்டாகிப் பின் இரும்பாகின்றது. இங்ஙனம் சிதறிய பொருள் கலந்த வாயுத்திரளினின்றே, ஏறக்குறைய 460 கோடி ஆண்டுகளுக்கு முன் சூரியனும் பூமியும் தோன்றின.

விண்மீன்களில் மூலகங்கள் உண்டாகும் முறையை 1957இல் பர்பிட்ஜ் தம்பதியரும் ஹாயிலும் வில்லியம் பௌலரும் விரித்தெழுதினர். 1983இல் நோபெல் பரிசு பௌலருக்கும் சந்திரசேகரருக்கும் பகிர்ந்தளிக்கப்பெற்றது. விண்மீனின் உலைக்களத்தை ஆராய்ந்தவரும் அதன் இறுதியை ஆராய்ந்தவரும் ஒரே மேடையில் நின்றமை பொருத்தமேயாகும். அவையோர் சிரித்த நாளுக்கும் இதற்கும் இடையே 48 ஆண்டுகள் கழிந்திருந்தன.

1995 ஆகஸ்டு 21ஆம் நாள் அவர் சிகாகோவில் மறைந்தார். 1999இல் விண்ணிற் செலுத்தப்பெற்ற சந்திரா என்னும் எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி அவர் பெயரைத் தாங்குகின்றது. வெடித்த விண்மீன்களின் எச்சங்களிற் சிலிக்கனும் கந்தகமும் இரும்பும் பரந்து கிடத்தலை அது காட்டியுள்ளது.

நண்பர்காள்! கஞ்சமலைக் கல்லிலும் நம் குருதியிலும் உள்ள இரும்பு ஒன்றே. இரண்டும் இறந்த விண்மீன்கள் ஈந்தவை. அவ்விறப்பின் கணக்கைக் கண்டவர் நம் வயதுடைய மாணவர் ஒருவர். தாம் கண்ட உண்மையை அவை நகைத்தபோதும் அவர் கைவிட்டிலர், நகைத்தவரைப் பகைத்ததுமிலர். கல்வியோடு இவ்விரண்டையும் நாம் அவர்பாற் கற்போமாக.