அவிழாத காப்பு – சுவாமி விபுலானந்தர்

திருவிழாக் காலத்தில் நமது கோயில்களில் அடியார்களுக்குக் காப்புக் கட்டுவது வழக்கம். காப்புக் கட்டியவர் விரதம் காத்து, வீட்டுக் காரியங்களை ஒதுக்கி, அம்பாளின் பணிக்கே உரியவராகிறார். திருவிழா முடிந்ததும் காப்பு அவிழ்க்கப்படும். ஆனால் ஆயுள் முழுவதும் அவிழ்க்கப்படாத காப்பு ஒன்று உண்டு. அதுவே சந்நியாச தீட்சை. அதனை ஏற்று வாழ்ந்து காட்டியவர் ஈழம் தந்த துறவி சுவாமி விபுலானந்த அடிகளார்.

மட்டக்களப்புக்குத் தெற்கே காரைதீவில் 1892ஆம் ஆண்டு சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியருக்கு மகனாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனம். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானார். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவியும் தேடி வந்தது. பதவியும் வருவாயும் மதிப்பும் கைகூடிய அந்த வேளையில்தான், 1922இல், அனைத்தையும் விட்டுச் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார்.

அங்கு உடனே காவி கிடைத்துவிடவில்லை. முதலில் பிரமசரிய விரதம் ஏற்றுப் பிரபோத சைதன்யர் ஆனார். இரண்டு ஆண்டுகள் கழிந்து, 1924ஆம் ஆண்டு சித்திரா பௌர்ணமியன்று, இராமகிருஷ்ண பரமஹம்சரின் நேர்ச் சீடரான சுவாமி சிவானந்தர் அவருக்குச் சந்நியாச தீட்சை அளித்து விபுலானந்தர் என்னும் பெயரைச் சூட்டினார். சந்நியாசம் பெறுபவர் தமக்குரிய ஈமக் கடனைத் தாமே செய்துவிடுவது மரபு. அன்றோடு பழைய பெயரும் உறவும் உரிமையும் முடிந்துவிடுகின்றன. தீட்சை தருவது அதிகாரம் அன்று, கடமையே.

சுவாமிகள் மலைக்குகை தேடிப் போகவில்லை. 1925இல் ஈழம் திரும்பி மிஷன் பாடசாலைகளைப் பொறுப்பேற்று வளர்த்தார். மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் 1929இல் நிறுவிய பாடசாலைக்குத் தமது பெயரை இடாமல், குருவின் பெயரால் சிவானந்த வித்தியாலயம் என்று பெயரிட்டார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். பகலில் பல்கலைக்கழகத்தில் கற்பித்த அவர், மாலையில் அயலிலிருந்த சேரிகளுக்குச் சென்று ஏழைப் பிள்ளைகளுக்கும் எழுத்தறிவித்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும் ஆனார். நீண்ட ஆராய்ச்சியின் பயனான யாழ்நூல் 1947 யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர் ஆலயத்தில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் திகதி சுவாமிகள் இறையடி சேர்ந்தார். அவரது சமாதி சிவானந்த வித்தியாலய வளவிலேயே அமைந்துள்ளது.

கோயிலில் மாலை அணிந்து மரியாதை பெறும் ஒவ்வொருவரும், பூசகராயினும் நிர்வாகசபைத் தலைவராயினும் காப்புக் கட்டிய அடியாராயினும், சுவாமிகளின் வாழ்வை நினைத்தல் வேண்டும். மாலை கழுத்தில் விழும்போது பணியும் தோளில் ஏறுகிறது. காப்பு அவிழ்ந்த பின்னரும் நம் தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்புக்கும் முதியோரின் நலனுக்கும் உழைக்கும் மனத்தை எல்லாம் வல்ல அம்பாள் நமக்கு அருள்வாளாக.