விண்ணை நோக்கிய விக்ரம் சாராபாய்

1915ஆம் ஆண்டில் அகமதாபாத்தில் காந்தியடிகள் தொடங்கிய ஆசிரமத்தில் தாழ்த்தப்பட்ட குடும்பம் ஒன்று சேர்த்துக்கொள்ளப்பட்டபோது, நகரத்துச் செல்வர்கள் தம் உதவியை நிறுத்திக்கொண்டனர். அந்நெருக்கடியில் ஆலை அதிபர் ஒருவர் 13,000 ரூபாயை வாயிலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பிச் சென்றார். அவர் காலிகோ ஆலையின் அதிபரும் சமண வணிகக் குடும்பத்தவருமான அம்பாலால் சாராபாய் என்பது பின்னரே உலகறிந்தது. மூன்றாண்டுகள் கழித்து அவருடைய தமக்கை அனசூயா, ஆலைத் தொழிலாளர் பக்கம் நின்று தம்பியை எதிர்த்தே போராடினார். கொடையும் கொள்கைத் துணிவும் இவ்வாறு இயல்பாயிருந்த குடும்பத்தில், 1919 ஆகஸ்டு 12 அன்று விக்ரம் பிறந்தார்.

பிள்ளைகள் எண்மருக்கும் பெற்றோர் இல்லத்திலேயே பள்ளி நடத்தினர். கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்ற விக்ரம், உலகப்போர் மூண்டதால் தாயகம் திரும்பி, பெங்களூரில் சர் சி. வி. இராமனின் மேற்பார்வையில் அண்டக் கதிர்களை ஆராய்ந்தார். நாட்டியக் கலைஞர் மிருணாளினியை 1942இல் சென்னையில் மணந்தார். ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டக் காலமாதலால் மணமகன் வீட்டார் எவரும் வந்து சேர இயலவில்லை. போர் முடிந்தபின் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று, 1947இல் முனைவர் பட்டத்துடன் திரும்பினார்.

அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. அவ்வாண்டு நவம்பரில் கல்லூரிக் கட்டடம் ஒன்றின் சில அறைகளில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். குடும்பத்தின் பொருளுதவி இருந்தும் இயக்குநர் நாற்காலியில் தாம் அமரவில்லை. வானிலை அறிஞர் கே. ஆர். இராமநாதனை அமர்த்தினார். போட்டியாளர்களான ஆலை அதிபர்களை ஒன்றுகூட்டி நெசவாலை ஆராய்ச்சிக் கழகத்தை அமைத்தார். 1961இல் உருவான அகமதாபாத் மேலாண்மைக் கழகத்துக்கு மதிப்புறு இயக்குநராயிருந்து, 1965இல் அப்பொறுப்பை ரவி மத்தாயிடம் ஒப்படைத்தார். மிகுபொருள் விரும்பாமை செல்வத்துக்கு மட்டுமே உரியதெனக் கருதப்படுவதுண்டு. பதவிக்கும் அது பொருந்தும்போலும்.

அண்டக் கதிர் ஆராய்ச்சிதான் அவரை ஏவுகணைக்கு இட்டுச் சென்றது. புவிக் காந்த நடுக்கோட்டுக்கு மேலே, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரத்தில், வலிய மின்னோட்டம் ஒன்று பாய்கின்றது. பலூன்கள் அவ்வளவு உயரம் செல்வதில்லை. துணைக்கோள்களோ அதற்கும் மேலே சுற்றுகின்றன. இடைப்பட்ட வெளியை ஆராய ஏவுகணையே வழி. அந்நடுக்கோட்டின் அருகே, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவர் சிற்றூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கிருந்த மரி மகதலேனா தேவாலயத்தையும் தம் இல்லத்தையும் விட்டுக்கொடுக்க ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேராவும் மக்களும் இசைந்தனர். தேவாலயம் அலுவலகமாயிற்று. இராமேசுவரத்து இளைஞர் அப்துல் கலாமும் அங்குப் பணியாற்றினார். உறுப்புகள் சில மிதிவண்டியில் வந்திறங்கின. 1963 நவம்பர் 21 அன்று, அமெரிக்கா வழங்கிய முதல் ஏவுகணை அங்கிருந்து விண்ணில் பாய்ந்தது.

உணவுக்கே அயல்நாட்டை நம்பியிருந்த நாட்டுக்கு இது எதற்கு என்ற கேள்வி எழாமலில்லை. அது நியாயமான கேள்வியே. வல்லரசுகளோடு நிலவுக்குப் போட்டியிடுவது தம் நோக்கமன்று என்று அவர் தெளிவுபடுத்தினார். சாலையும் மின்கம்பியும் எட்டாத ஊர்களுக்குக் கல்வியையும் வேளாண் அறிவையும் துணைக்கோள் வழியே கொண்டுசெல்வதே அவர் திட்டம்.

1966இல் ஹோமி பாபா விமான விபத்தில் மறைந்தபின், அணுசக்தி ஆணையத்தின் தலைமையும் அவர்மேல் விழுந்தது. 1969இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் பிறந்தது. முன்பு பொறுப்புகளைப் பிறரிடம் ஒப்படைக்கத் தெரிந்தவர், இம்முறை இரண்டையும் தாமே சுமந்தார். அது பிழையென்றே சொல்லவேண்டும். இரவும் பகலும் பயணம், ஓயாத கூட்டங்கள். தும்பாப் பணிகளைக் காண வந்தவர், 1971 டிசம்பர் 30 அன்று கோவளத்தில் உறக்கத்திலேயே உயிர்நீத்தார். அகவை ஐம்பத்திரண்டு.

அமெரிக்கத் துணைக்கோள் ஒன்றை ஓராண்டுக்குப் பயன்படுத்த அவர் 1969இலேயே உடன்பாடு கண்டிருந்தார். 1975 ஆகஸ்டில் அத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களில், கோழிக்கூட்டுக் கம்பிவலையால் செய்த வாங்கிகள் வானை நோக்கி நிறுத்தப்பட்டன. மாலைதோறும் ஊரார் கூடி அமர்ந்து, தொலைக்காட்சியில் உழவும் உடல்நலமும் பற்றிய நிகழ்ச்சிகளைத் தத்தம் மொழியில் கண்டனர்.