பெயர் சொல்லிப் பாடிய அம்மையார்

இக்காலத்தில் இசையன்பர்கள் பழைய இசைத்தட்டுகளைக் கைபேசியிலேயே தேடிக் கேட்கின்றனர். எனினும் தேடுவது எளிதன்று. பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் பாட்டு அகப்படாது. பைரவி என்று தேடினால் நம் பைரவியும் வடநாட்டுப் பைரவியும் கலந்து வரும். பின்னதன் ஸ்வரங்களோ நம் தோடியின் ஸ்வரங்கள்! பெயரின் அருமையை, நம் நாட்டில் இசைத்தட்டு தோன்றிய நாளிலேயே உணர்த்தியவர் கௌஹர் ஜான் அம்மையார்.

அவர் 1873-ஆம் ஆண்டு ஆஜம்கரில் ஆர்மீனிய வமிசத்துத் தந்தைக்கு மகளாகப் பிறந்தார். பிள்ளைப் பெயர் ஏஞ்சலீனா. பெற்றோர் பிரிந்தபின் தாயும் மகளும் காசியை அடைந்து இஸ்லாத்தைத் தழுவினர். தாய் மல்கா ஜான் எனவும் மகள் கௌஹர் எனவும் பெயர் பூண்டனர். பின்னர் கல்கத்தாவில் குடியேறிச் சங்கீதமும் நாட்டியமும் கற்றுத் தேர்ந்த கௌஹர், 1887-இல் தர்பங்கா அரசவையில் அரங்கேறினார்.

1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் ஒலிப்பதிவு செய்தார். மைக் இல்லாத காலம் அது. பெரியதொரு கூம்புக் குழாயினுள் உரக்கப் பாட வேண்டும். கிடைப்பதோ ஏறக்குறைய மூன்றே நிமிஷம். மணிக்கணக்கில் விரியும் ராகத்தை அம்மையார் அச்சிமிழுக்குள் அடக்கினார். பாட்டு முடிந்ததும் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். பதிவுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகரத்திற்குச் சென்று தட்டுகளாகி வரவேண்டும்; அங்குள்ளோர் நம் பாஷை அறியார். விலாசமில்லாத பார்சல் எந்த ஸ்டேஷனில் போய் முடங்கும் என்பதை, அந்த அலுவலிலேயே காலங்கழித்த அடியேன் நன்கறிவேன்!

பத்துக்கு மேற்பட்ட மொழிகளில் சுமார் அறுநூறு தட்டுகள் அவர் குரலில் வெளிவந்தன. 1911-இல் டில்லி தர்பாரில் அலகாபாத் ஜானகி பாயுடன் பாடினார். ஆயினும் வழக்குகளாலும், நம்பியவர் இழைத்த வஞ்சத்தாலும் பெருஞ்செல்வம் கரைந்தது. 1928-இல் மைசூர் சமஸ்தானம் ஆதரவளித்தது. அங்கேயே 17-1-1930 அன்று காலமானார்.

மாளிகையும் பொன்னும் போயின. பெயர் சொன்ன குரல் மட்டும் நிலைத்தது. நம் ஆண்டு விழாவில் குழந்தைகள் பாடுவதைப் பதிவு செய்யும் பெற்றோர்கள், பாடுவோர் பெயர், ராகம், ஆண்டு மூன்றையும் உடன் குறித்து வைப்பார்களாக! நாளை அவர்கள் பேரப்பிள்ளைகள் தேடும்போது அப்பாட்டுக் கைக்கு எட்டும்.